ராசாத்தி ஊற்றிய எண்ணெய்

ஆண்டிமடத்தில் இருபத்தாறு வருடமாக மெக்கானிக் கடை வைத்திருக்கிறேன். வண்டியைப் பார்த்த மாத்திரத்தில் கோளாறைச் சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு பேர் உண்டு. அந்தப் பேரை ஒரே வாரத்தில் கெடுத்தவள் ராசாத்தி. அதனால் அவளைப் பற்றி எழுதும்போது கொஞ்சம் எரிச்சலும் கலந்து வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வரதராஜன்பேட்டைப் பக்கத்து ஊர்க்காரி. நாற்பத்தெட்டு வயது. வீட்டிலேயே முந்திரிக்கொட்டை உடைத்து, பருப்பை மூட்டை கட்டி ஆண்டிமடத்துக்குக் கொண்டுவருவாள். மூட்டையைப் பார்த்தாலே கண்டக்டருக்கு ஆகாது. பாதி நாள் ஏற்ற மாட்டார், அவளும் அடுத்த பஸ்ஸுக்காக வெயிலில் நிற்பாள். பக்கத்து வீட்டு மொபெட்டை எப்போதாவது இரவல் வாங்கி ஓட்டுவாள். எதையும் திறந்து பார்க்காமல் விடமாட்டாள். மிக்ஸியைக் கழற்றியிருக்கிறாள், தையல் மிஷினைக் கழற்றியிருக்கிறாள், இரண்டையும் திருப்பி மாட்டியும் இருக்கிறாள். என் கடைக்கு வந்தால் "இது என்னாண்ணே? இது எங்க போவுது?" என்று கேட்டே என் பொழுதைத் தின்பாள்.

அவள் தம்பி பூவரசன் பதினோரு வருடத்துக்கு முன் கத்தாருக்குப் போனபோது, தன்னுடைய டூ ஸ்ட்ரோக் பைக்கை அக்கா வீட்டுக் கொட்டகையில் நிறுத்திவிட்டுப் போனான். போன மாதம் ஊருக்கு வருவதாகப் போன் செய்தவன், "நான் வெள்ளிக்கெழம வர்றதுக்குள்ள வண்டி ஓடுச்சுன்னா நீயே வச்சுக்கக்கா. இல்லன்னா காயலாங்கடைக்குப் போட்டுட்டு கொட்டாயக் காலி பண்ணிடுவோம்" என்று சொல்லிவிட்டான். சாவி எங்கே என்று கேட்டதற்கு, எங்கேயோ தொலைந்துவிட்டது என்றானாம். அடுத்த நிமிடமே எனக்குப் போன் வந்தது.

திங்கட்கிழமை காலையில் போய்ப் பார்த்தேன். வண்டி முழுக்கக் கறுப்பாக, தீயில் வெந்தது போல் நின்றது. கிக்கரை மிதித்தேன். சுவரை மிதித்தது மாதிரி இருந்தது.

"பிஸ்டன் துருப்புடிச்சு சிலிண்டரோட ஒட்டிக்கிச்சும்மா. இனிமே காயலாங்கடைதான்."

"துருவுன்னு எப்புடிண்ணே தெரியும்? தொறந்து பாத்தீங்களா?"

எனக்குக் கோபம் வந்தது. டாக்டரிடம் போய் இப்படிக் கேட்பாளா? பிளக்கைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு, ஓட்டைக்குள் விரலை விட்டேன். கறுப்பாகப் பிசின் போல ஏதோ ஒட்டியது. துரு இல்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. ராசாத்தி பிளக்கை மோந்து பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"அட, இது நம்ம கொட்ட எண்ணெண்ணே!"

முந்திரிக்கொட்டைத் தோட்டிலிருந்து வடியும் எண்ணெய் அது. எங்கள் பக்கம் கரையான் அரிக்காமலிருக்கக் கதவுக்கும் நிலைக்கும் அதைத்தான் பூசுவார்கள். காய்ந்தால் கறுப்பாக இறுகிக்கொள்ளும். வண்டிக்கு வெளியே பூசியிருந்ததும் அதுதான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"எந்தக் கிறுக்கன்மா இத இஞ்சினுக்குள்ள ஊத்தச் சொன்னது?"

"நீங்கதாண்ணே. தம்பி கத்தாருக்குப் போனப்ப, வண்டிய ரொம்ப நாளைக்கு நிறுத்தறதா இருந்தா பிளக்கு ஓட்டையில எண்ண ஊத்தி வையின்னு சொன்னீங்க. எந்த எண்ணன்னு சொல்லல. கதவயே காப்பாத்துது, வண்டியக் காப்பாத்தாதான்னு ஊத்திட்டேன்."

நான் சொல்லியிருப்பேன், எல்லோருக்கும் சொல்வதுதான். இஞ்சின் ஆயில் என்று தனியாகச் சொல்ல வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? மறுநாள் விடிந்தபோது என் விரல் கொப்புளித்துப் போயிருந்தது. அந்த எண்ணெய் தோலைப் பொசுக்கிவிடும். கொட்டை உடைக்கிறவர்கள் கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு உட்காருவது அதற்காகத்தான். ராசாத்திக்கு ஒன்றும் ஆகவில்லை. மோந்து பார்த்த கையோடு அவள் அடுப்புச் சாம்பலை எடுத்துத் தேய்த்துக்கொண்டாள், எனக்குச் சொல்லத்தான் மறந்துவிட்டாளாம்.

என் வேலை அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அவள் விடவில்லை. ஒட்டினது துரு என்றால் எனக்குத்தான் தெரியும், கொட்டை எண்ணெய் என்றால் தனக்குத்தான் தெரியும் என்று சொல்லிவிட்டாள். பிளக்கு ஓட்டை வழியாக டீசலை ஊற்றி ஊற விட்டாள். சூடு கண்டால் எண்ணெய் இளகும் என்பது அவள் கணக்கு. கொதிக்கும் தண்ணீரில் துணியை நனைத்து சிலிண்டரைச் சுற்றிக் கட்டினாள், ஆறினால் மாற்றினாள். வண்டியை கியரில் போட்டு, கொட்டகைப் பக்கம் போகும்போதும் வரும்போதும் முன்னும் பின்னும் ஆட்டினாள். மூன்று நாள் இதே வேலை. உடைக்க வேண்டிய கொட்டை மூட்டையோடு கிடந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் போன் வந்தது. "அசையுதுண்ணே! நூலளவுக்கு அசையுது!"

நான் நம்பவில்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமை காலையில் கடையைப் பூட்டிவிட்டுப் போனேன், பார்க்காமல் இருக்க முடியவில்லை. சிலிண்டருக்கு மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி, பிசினைத் துடைத்தேன். உள்ளே சிலிண்டர் பளபளவென்று இருந்தது. பதினோரு வருடத்தில் ஒரு பொட்டு துரு இல்லை. ராசாத்தி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கார்புரேட்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கார்புரேட்டரைக் கழுவி, பிரேக்கைச் சரிசெய்து, டயரை மாற்றி, சாவி இல்லாததால் ஒயரைப் பிணைத்துவிட்டேன். மிதித்தேன், மிதித்தேன், கால்தான் வீங்கியது. அந்த நேரம் பார்த்து வாசலில் கார் வந்து நின்றது. பூவரசன் இறங்கினான். பெட்டியைக்கூட எடுக்காமல் வந்து அவனும் மிதித்துப் பார்த்தான்.

"வுடுக்கா. செத்ததுக்கு வைத்தியம் பாக்காத."

ராசாத்தியின் கண் கலங்கிவிட்டது. அவள் அழுது நான் பார்த்ததில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் திரும்பினாள்.

"கிக்கரு என்னாண்ணே பண்ணுது? இஞ்சினச் சுத்தித்தான வுடுது? அத சக்கரம் சுத்தி வுடாதா?"

தள்ளி ஸ்டார்ட் செய்வது எனக்குத் தெரியாததல்ல. அந்த நேரத்தில் தோன்றவில்லை, அவ்வளவுதான். அவள் ஏறி உட்கார்ந்தாள். கிளட்சை எப்போது விட வேண்டும் என்று சொன்னேன். செத்தது என்று சொன்ன இரண்டு ஆண்பிள்ளைகளும் பின்னாலிருந்து தள்ளினோம். ஏரிக்கரைச் சரிவில் வண்டி இரண்டு முறை இருமியது. மூன்றாவது முறை உறுமிக்கொண்டு கிளம்பிவிட்டது.

வெள்ளையாகப் புகை தெருவையே மறைத்தது. ஊரெல்லாம் முந்திரிக்கொட்டை வறுக்கிற வாசனை. பருவம் இல்லாத நேரத்தில் எவன் வறுக்கிறான் என்று பார்க்க வாசலுக்கு வாசல் ஆட்கள் வந்து நின்றார்கள். ராசாத்தி திரும்பிப் பார்க்காமல் ஆண்டிமடம் ரோட்டில் போய்க்கொண்டிருந்தாள்.

பூவரசன் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்தான். பைக் சாவி. தேய்ந்து பளபளத்தது.

"தொலஞ்சிட்டுன்னு சொன்னியேப்பா?"

"கூடவேதாண்ணே வச்சிருந்தேன். தூக்கிப் போட மனசு வல்ல. வண்டி கெட்டுப் போயிருக்கும்னு நெனச்சேன், சாவியாவது எங்கிட்ட இருக்கட்டுமேன்னு..." பேச்சை முடிக்காமல் ரோட்டைப் பார்த்தான். "சாவியில்லாம எப்புடிண்ணே நிறுத்துவா?"

"ஒயரப் புடுங்கணும். அத நான் அவளுக்குச் சொல்லல."

அரை மணி நேரம் கழித்து வந்தாள். எங்கள் முன்னால் கியரிலேயே பிரேக்கை மிதித்து இஞ்சினை அணைத்தாள். யாரும் சொல்லித் தரவில்லை, வழியிலேயே கண்டுபிடித்திருக்கிறாள். பூவரசன் சாவியை அக்கா கையில் வைத்து விரல்களை மூடினான். அவள் விரலைத் திறந்து, சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல இருக்கற பல்லெல்லாம் எதுக்குண்ணே?" என்று என்னைக் கேட்டாள். அழுதுகொண்டேதான் கேட்டாள்.