இரண்டு கட்சி, ஒரே மைக்செட்

மைக்செட் அந்தோணி தோழர் போய்விட்டார். இன்று காலை, தூக்கத்திலேயே.

அவர் மனைவி செல்வி அக்காதான் போன் செய்தார். "உங்க தோழர் கிளம்பிட்டாரும்மா. வர்றப்போ எதாவது சாப்பிட்டுட்டு வா, இங்க அடுப்பு பத்த வைக்கல." அவ்வளவுதான்.

பட்டுக்கோட்டையிலிருந்து பஸ் ஏறும்போது அழுகைதான். பாதி வழியில் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து சீட் அம்மா ஒரு மாதிரி பார்த்தார்... என்ன செய்வது, அந்தோணி தோழரை நினைத்தால் அப்படித்தான்.

தெரியாதவர்களுக்காக: பாபநாசம் பக்கத்துக் கிராமம். அப்பா பண்ணையாள், கூலி உயர்வு கேட்டுச் செங்கொடி பிடித்த முதல் ஆட்களில் ஒருவர். மகன் இன்னும் ஒரு படி மேலே போய், 'ஓட்டுப் போட்டு ஒன்றும் மாறாது, புரட்சிதான் வழி' என்ற கட்சியில் சேர்ந்தார். பிழைப்புக்கு மைக்செட்.

கல்யாணம், காதுகுத்து, கோயில், சர்ச், எங்கள் பொதுக்கூட்டம்... சுற்று வட்டாரம் முழுக்க அவர் கட்டின குழாய்தான்.

போலீஸ் எங்கள் ஆட்களைத் தேடித் தேடிப் பிடித்த காலம். அப்போது நான் பிறக்கவே இல்லை, அவர் சொல்லித்தான் தெரியும். தலைமறைவாக இருந்த மாவட்டச் செயலாளரைத் தன் ஹெல்பர் என்று சொல்லி, மாதா கோயில் திருவிழாவுக்கே கூட்டிப் போய்விட்டார். கடவுள் இல்லை என்று ஊர் ஊராகப் பேசிய அந்தச் செயலாளர், திருவிழா முழுக்க மாதா பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு சாயங்காலம் ஏட்டு வந்து ஒரு தாளை நீட்டினார். "தம்பி, இதை மைக்ல வாசிச்சு விடு." தேடப்படும் நபரின் அடையாளம். அதாவது, செயலாளரின் அடையாளம்.

வேறு வழியில்லை, வாசித்தார். கணீர் குரலில். "நல்ல உயரம், அடர்ந்த சுருட்டை முடி, பார்ப்பதற்கு லட்சணமாக இருப்பார்..." ஏட்டு அதற்குள் சுண்டல் வாங்கப் போய்விட்டார்.

தாளில் இருந்தது 'குட்டை, முன்வழுக்கை'. அன்று ராத்திரி செயலாளரே கேட்டாராம்.

"ஏன் தோழர் மாத்தி வாசிச்சீங்க?"

"ஜனங்களைத் திசைதிருப்பத்தான் தோழர்."

"சரி, லட்சணம்னு ஒண்ணு சேர்த்தீங்களே, அது எதுக்கு?"

"அதுவும் திசைதிருப்பத்தான் தோழர்."

பிறகு கட்சி உடைந்தது. தேர்தலில் நிற்கலாம் என்றவர்கள் ஒரு பக்கம், கூடவே கூடாது என்றவர்கள் ஒரு பக்கம். ஒன்றாக ஜெயிலுக்குப் போனவர்கள் தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அந்தோணி தோழர் 'கூடாது' பக்கம். செல்வி அக்கா 'நிற்கலாம்' பக்கம். நின்றேவிட்டார், ஊராட்சி வார்டு மெம்பருக்கு. பூட்டு சாவி சின்னம்.

ஊரில் மைக்செட் ஒன்றுதான். காலையில் லோடு ஆட்டோவில் குழாய் கட்டி, "தேர்தலைப் புறக்கணிப்பீர்" என்று இவர் போவார். சாயங்காலம் அதே ஆட்டோ, அதே குழாய், அக்கா ஓட்டுக் கேட்டுப் போவார். ஓட்டுவது இவர்தான்.

நடவு வயலிலிருந்து ஒரு அம்மா கேட்டேவிட்டார். "ஏன் அந்தோணி, காலையில போடாதங்குறீங்க, சாயங்காலம் போடுங்குறீங்க. ஒரு முடிவுக்கு வாங்களேன்."

"காலையில பேசுறது கட்சிம்மா. சாயங்காலம் பேசுறது வீடு."

ஓட்டு நாளன்று கொட்டுகிற மழை. வாய்க்கால் பாதை சேறாகி, வயதானவர்கள் பூத்துக்குப் போக முடியவில்லை. இவர் அத்தனை பேரையும் லோடு ஆட்டோவில் ஏற்றி இறக்கினார். அக்கா ஜெயித்தார்.

கட்சி விசாரணைக் குழு போட்டது. படிப்பை முடித்துவிட்டு முழுநேர ஊழியராக இருந்த நானும் அதில் ஒருத்தி. முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு அவர் வீட்டிலேயே உட்கார்ந்து கேட்டோம். "தேர்தல் புறக்கணிப்பு முடிவை மீறினீங்களா தோழர்?"

"நான் ஓட்டுப் போடல தோழர். வண்டிதான் ஓட்டுனேன்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. உள்ளேயிருந்து புது மெம்பரின் குரல்: "விசாரணை முடிஞ்சா சொல்லுங்க, இட்லி ஆறுது."

ஆனாலும் சில மாதம் நீக்கி வைத்தோம். அவருக்கு அது வலித்தது, எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து அவருக்கு இருந்தது அந்தக் கட்சி ஒன்றுதான். விரலில் மை பட்டதே இல்லை என்று கையை விரித்துக் காட்டினார். நாங்கள் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அடுத்து வந்தது மாவட்ட மாநாடு. உறுப்பினர்கள் மட்டும். மைக்செட் மட்டும் அவருடையது... வந்து எல்லாவற்றையும் கட்டிக் கொடுத்துவிட்டு, வெளியே போய் மதகில் உட்கார்ந்துகொண்டார்.

தலைமை உரை பாதியில் 'ஊய்ங்' என்று ஒரு சத்தம். தலைவர் என்ன திருகியும் நிற்கவில்லை. நான் வாசலுக்கு ஓடி, "தோழர், கொஞ்சம் வாங்க" என்றேன்.

மதகிலிருந்து எழுந்திருக்காமலே கேட்டார். "உறுப்பினர் இல்லாதவங்க உள்ள வரலாமா தோழர்?"

காதைப் பொத்திக்கொண்டே கை தூக்கினோம். நீக்கம் ரத்து. அந்த மாநாட்டில் ஒருமனதாக நிறைவேறிய தீர்மானம் அது மட்டும்தான்.

இப்போது அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து இதை டைப் செய்கிறேன். இரண்டு கட்சிக்காரர்களும் வந்துவிட்டார்கள். ஆளுக்கொரு கொடியோடு. பல வருடம் பேசிக்கொள்ளாதவர்கள், எந்தக் கொடியைப் போர்த்துவது என்றுதான் முதல் பேச்சையே ஆரம்பித்தார்கள். குரல் ஏறியது.

செல்வி அக்கா எழுந்து வந்தார். "ரெண்டையும் போர்த்துங்கப்பா. அவருக்குக் குளிர் தாங்காது."

போர்த்தினார்கள். ஆளுக்கொரு பக்கம் பிடித்து, சுருக்கம் இல்லாமல்.

நாளைக் காலை அடக்கம். வர முடிந்தவர்கள் வாருங்கள்.

போயிட்டு வாங்க தோழர். அக்காவை நாங்க பார்த்துக்கிறோம்... இல்ல, அவங்கதான் எங்களைப் பார்த்துக்குவாங்க.