தடைக்காலம் வரை இருந்த பொக்கே

வேலை முடிந்து வரும் அப்பாவின் சைக்கிள் கேரியரில் ஈரச் சாக்கில் சுற்றிய ஒரு துண்டு ஐஸ் இருக்கும். நான் பால்வாடிக்குப் போன காலத்திலிருந்து பார்க்கிறேன். ஐஸ் ஆலையிலிருந்து கிளம்பும்போது செங்கல் அளவில் இருப்பது, வீடு வந்து சேரும்போது சோப்புக்கட்டி அளவுக்கு ஆகியிருக்கும். அதைச் சொம்புத் தண்ணீரில் போட்டு முதலில் அம்மாவுக்குக் கொடுப்பார்.

அப்பா பெயர் திருப்பதி. ஜெகதாப்பட்டினம் ஐஸ் ஆலை ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக ஐஸ் கட்டி இறக்குகிறார். விசைப்படகுகள் அவர் ஏற்றிவிடும் ஐஸோடுதான் கடலுக்குப் போகும். ஐஸில் வைத்தால் எதுவும் கெடாது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

நான் இலக்கியா, பி.எஸ்சி. இயற்பியல், எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி. போன மார்ச்சில் என்னைப் போன்றவர்களின் பெற்றோரைக் கல்லூரி மேடைக்கு அழைத்து, ஆளுக்கொரு பொக்கே கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். அதற்கு முன் அப்பாவுக்கு யாராவது பூ கொடுத்தது கல்யாணத்தன்று மட்டும்தான். அறந்தாங்கியில் பஸ் மாறும்போதும் பொக்கேயை என்னிடம் தரவில்லை.

வாடிய பூவை வீட்டில் வைக்கக் கூடாது, காலையில் கடலில் போட்டுவிட வேண்டும் என்றாள் அம்மா.

“வாடுனாத்தானே?” என்றார் அப்பா.

மறுநாள் பொக்கேயை ஆலைக்குக் கொண்டுபோனார். பழைய எண்ணெய் டின்னில் நிற்கவைத்து, தண்ணீர் ஊற்றி, ஐஸ் உறையவைக்கும் உப்புநீர்த் தொட்டிக்குள் இறக்கிவிட்டார். திரும்பி வந்தபோது அது பூ வைத்த ஐஸ் கட்டி. மீன் அனுப்பும் தெர்மாகோல் பெட்டியில் வைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். அன்றாடம் வரும் ஐஸ் இப்போது பெட்டிக்கு. ஞாயிறுதோறும் கட்டி ஆலைக்குப் போய் மறுபடி உறைந்து வரும், ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிற மாதிரி. அம்மாவும் நானும் வெறும் தண்ணீர் குடித்தோம்.

“என்ன மாப்ள, எறாவ விட நல்ல வெல போகுமா?” என்று எட்டிப் பார்த்தார் பக்கத்து வீட்டுப் பிச்சைமுத்து.

“எக்ஸ்போர்ட் சரக்கு மச்சான். எங்க இலக்கியாவுக்கு வேல கெடச்ச அன்னிக்குத்தான் வெளிய எடுக்கிறது.”

அதன் பிறகு நான் இன்டர்வியூவுக்குப் போய்வரும் நாளெல்லாம் அப்பா முதலில் என் முகத்தைப் பார்ப்பார், பிறகு பெட்டியைத் திறந்து பார்ப்பார். மூன்று முறை அப்படி ஆனது.

இதற்கு நடுவில் சான்றிதழ் வாங்கக் கல்லூரிக்குப் போனேன். பாக்கி இல்லை என்கிற படிவத்தில் நூலகம், லேப், எல்லாக் கையெழுத்தும் இருந்தது. அலுவலகத்து அன்புச்செல்வி மேடம் கடைசிக் கையெழுத்தைப் போட்டுவிட்டு, “ஒங்கப்பாதான் எங்களுக்கு ஒரு பொக்கே தரணும்” என்று சிரித்தார். மொத்தமே மூன்று பொக்கேதானாம். போட்டோ எடுத்ததும் படியில் நிற்கும் மாணவிகள் வாங்கி அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். அப்பா ஒன்றைக் கொண்டுபோய்விட்டதில், மிச்சமிருந்த இரண்டை வைத்து ஒப்பேற்றினார்களாம். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று அறந்தாங்கி வரை யோசித்தேன். வீட்டில் சொல்லவில்லை.

ஏப்ரல் பாதியில் மீன்பிடித் தடைக்காலம் வந்தது. படகு போகாவிட்டால் ஐஸுக்கு என்ன வேலை? ஆலையை மூடினார்கள். எத்தனையோ வருடமாக வருகிற தடைக்காலத்தை அப்பா இந்த வருடம் மறந்திருந்தார்.

பெட்டி இரண்டு நாள் தாங்கியது. மூன்றாம் நாள் ரோஜாக்கள் வெளியே வந்தன. கொஞ்ச நேரம் கண்ணாடி போல் இருந்து, பிறகு வேகவைத்த கீரை மாதிரி படிந்துவிட்டன. உறைகிற தண்ணீர் விரியும், இதழைக் கிழிக்கும். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாதது அவர் மேல் இருந்த பிரியத்தினாலா, அல்லது எனக்குமே ஐஸ் மேல் ஒரு நம்பிக்கை இருந்ததா?

அப்பா பொக்கேயைக் கட்டியிருந்த ரிப்பனைப் பிழிந்துகொண்டிருந்தார். அவரைத் தேற்றுவதாக நினைத்து, அது நம்முடையதே இல்லை, திருப்பித் தரவேண்டியது என்றேன்.

“தெரியும் தாயி. அந்தப் பொண்ணு கைய நீட்டுச்சு. நான் ஒரு வணக்கத்தப் போட்டுட்டு எறங்கிட்டேன்.”

ரிப்பனை உதறிக் கொடியில் போட்டபடி, “ஒனக்கு வேல வந்ததும் புதுசா ஒண்ணு வாங்கி, நானே கொண்டுபோய்க் குடுத்துறலாம்னு இருந்தேன்” என்றார்.

ஜூனில் தடை முடிந்து படகுகள் கடலுக்குப் போய்விட்டன. கேரியரில் ஐஸ் மறுபடி வருகிறது, நாங்கள் குடிக்கிறோம். அந்த ரிப்பனால் என் சான்றிதழ் ஃபைலைக் கட்டியிருக்கிறேன். உள்ளே, பாக்கி எதுவும் இல்லை என்று முத்திரை குத்திய தாள். கல்லூரிக்கு அப்பா தரவேண்டிய பொக்கே இன்னும் போகவில்லை.