ஒரு முழ மின்னல்

தெருவில் யார் வீட்டு மிக்ஸி புகைந்தாலும் அதைத் தூக்கிக்கொண்டு ஓடுவது காயில் அக்காவின் கடைக்குத்தான். எரிந்த மோட்டாரைப் பிரித்து, கருகிய செப்புக் கம்பியை உருவிப் போட்டுவிட்டு, புதுக் கம்பிச் சுருள், அதாவது காயில், சுற்றித் தருவது அவள் தொழில். கல்யாணத்துக்கு முன்பே கைவந்தது. அவள் கட்டிய காயிலில் பொறி பறந்தது என்று ஒருவர் திரும்பி வந்ததில்லை. பொறி வந்தால் வேலை கெட்டது. அந்தத் தொழிலின் பாலபாடமே அதுதான்.

அப்பேர்ப்பட்டவளுக்குப் பொறி மேலேயே ஆசை வந்ததுதான் வேடிக்கை. போனில் யாரோ டெஸ்லா காயில் என்று ஒன்றைச் செய்து காட்டினார். கம்பி சுற்றிய ஒரு குழாய், அதன் தலையில் ஓர் உருண்டை. சுவிட்சைப் போட்டதும் உருண்டையிலிருந்து குட்டி மின்னல்கள் கிளை கிளையாகக் காற்றில் பாய்ந்தன. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. கம்பி சுற்றத்தான் நமக்குத் தெரியுமே, ஒரு முழ மின்னலாவது வீட்டுக்குள் வரவழைக்காமல் விடுவதில்லை என்று பின்னறையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த அறையில் மீன் தொட்டி வைக்க வேண்டும் என்பது அவள் கணவரின் வெகுநாள் ஆசை. அவர் கூரியர் ஆபீஸில் கணக்குப் பார்ப்பவர். பல்பு மாற்றக்கூட மனைவியைக் கூப்பிடும் தைரியசாலி.

முதல் காயிலைக் கெடுத்தது தொழில் பழக்கம். இதற்குக் கம்பியை ஒரே அடுக்காக, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் சுற்ற வேண்டும். அக்காவின் கையோ மோட்டாருக்குச் சுற்றுவதுபோல் அடுக்குமேல் அடுக்காகக் கெட்டியாகச் சுற்றிவிட்டது. ஊரார் மோட்டாரையெல்லாம் பார்த்து உச்சுக்கொட்டுகிறவள், தன் காயில் புகைவதை வாயை மூடிக்கொண்டு பார்த்தாள். இரண்டாவது காயில் உளுந்து அளவுக்கு ஒரு பொறியைக் காட்டிவிட்டு உயிரை விட்டது. அப்போதுதான் புருஷனும் பெண்டாட்டியும் ஒப்பந்தம் போட்டார்கள்: மூன்றாவதும் ஊத்திக்கொண்டால் அறை மீனுக்கு.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஜன்னலை மூடி அறையை இருட்டாக்கினாள். கணவரை வெளியே மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் நிறுத்தி, தான் கத்தினால் உடனே அணைத்துவிடச் சொன்னாள். அவர் கண்களை இறுக மூடி, சுவிட்சின் மேல் கைவைத்து நின்றார்.

குழாயின் அடியில் இருந்த தடித்த செப்புச் சுருளில், கரண்ட் வரும் கிளிப்பை எந்தச் சுற்றில் மாட்டுவது என்பதில்தான் சூட்சுமம். மாட்டினாள், விலகி நின்று அறைச் சுவிட்சைப் போட்டுப் பார்த்தாள். ஒன்றுமில்லை. அணைத்துவிட்டுக் கிளிப்பை ஒரு சுற்று தள்ளினாள். அதற்கும் அசையவில்லை. மீன்கள் கண்முன்னே நீந்த ஆரம்பித்தன. இன்னும் ஒரு சுற்று தள்ளிப் போட்டாள்.

படபடவென்று காது கிழிந்தது. உருண்டையின் தலையிலிருந்து ஊதா நிறத்தில், ஒரு முழத்துக்கும் மேலாக, மின்னல் நெளிந்து பாய்ந்தது. அக்கா அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

பட்டென்று எல்லாம் அணைந்தது.

அறைச் சுவிட்சை அணைத்துவிட்டு, கோபம் தலைக்கேற வெளியே ஓடிவந்தாள். "ஏங்க ஆஃப் பண்ணீங்க?"

"நீ கத்துனியே. ஷாக் அடிச்சிருச்சோன்னு..." முகம் வெளிறிப்போயிருந்தது. கையை இன்னும் சுவிட்சிலிருந்து எடுக்கவில்லை.

"சந்தோஷத்துல கத்துனேங்க."

"எனக்கு எப்படித் தெரியும்? கல்யாணம் ஆனதுலேர்ந்து நீ சந்தோஷத்துல கத்தி நான் கேட்டதே இல்லையே."

அக்காவுக்குச் சுருக்கென்றது. யோசித்துப் பார்த்தால் அவளே கேட்டதில்லை. கடை, வீடு, புகைந்த மிக்ஸி என்று ஓடிய ஓட்டத்தில் கத்துவதற்கு என்ன இருந்தது? அவர் கையைச் சுவிட்சிலிருந்து விலக்கினாள். மெயினைப் போட்டுவிட்டு அந்தக் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தாள். அறைச் சுவிட்சுக்குப் பக்கத்தில், காயிலுக்கு எட்டாத தூரத்தில் நிறுத்தினாள். அவர் மறுபடியும் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

"கண்ணைத் திறங்க," என்று சொல்லிச் சுவிட்சைப் போட்டாள்.

மின்னல் பாய்ந்தது. ஆபீஸில் பக்கத்து மேஜைக்குக்கூடக் கேட்காமல் பேசும் மனிதர், எதிர்வீட்டு ஜன்னல் திறக்கும் அளவுக்குக் கத்தினார். அக்காவின் விரல் சுவிட்சின் மேல்தான் இருந்தது. அவள் அணைக்கவில்லை. அவளும் சேர்ந்து கத்தினாள்.