கையைக் குடு நைனா

வண்டிக்கு அடியில் படுத்தபடியே தானியேல் கையை வெளியே நீட்டுகிறார். பழக்கம் இல்லாதவர்கள் அதில் ஸ்பேனரை வைப்பார்கள். "இது இன்னாத்துக்கு? உன் கையைக் குடு நைனா. குனிஞ்சி தொடு."

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் போகும் சாலையோரம், செம்மண்ணும் இரும்புத் தூசும் படிந்த தகரக் கொட்டகை அவருடைய பட்டறை. ஸ்டியரிங் ஆடுகிறது என்று வண்டி வந்தால் எந்தத் திருகையும் உடனே தொடமாட்டார். ஒருவரை உள்ளே உட்காரவைத்து, ஸ்டியரிங்கை இடமும் வலமுமாக லேசாக ஆட்டச் சொல்வார். கீழே போய், சக்கரத்துக்குப் போகும் கம்பிகளின் ஒவ்வொரு மூட்டையும் உள்ளங்கையால் பொத்திப் பிடிப்பார். நல்ல மூட்டு இரு பக்கமும் சேர்ந்தே அசையும். தேய்ந்த மூட்டில் ஒரு பக்கம் அசைந்த பிறகே மறுபக்கம் அசையும். நடுவில் ஒரு 'டொக்'. அதைக் கண்டுபிடித்ததும்தான் வண்டிக்காரரின் கையைக் கேட்பார். "நான் சொல்றன்னு நம்பாத. நீயே பாரு."

கொட்டகையில் மாதா படம் இருக்கிறது. 'மாதா பார்த்துக்கொள்வாள் என்று விட்டுவிடலாமே' என்று ஒருமுறை வம்புக்கிழுத்தேன். "மாதா பாத்துக்கினுதான் கீது சார். நட்டு கழலாம ஸ்பிளிட் பின்ன நான்தான போடணும்?" என்றார். "ஏசு காயத்துல கைய வெச்சிப் பாத்தாரே தோமையார், அவர் நம்ம ஆளு." சந்தேகத்துக்கு இவ்வளவு மரியாதை தரும் பக்தரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

போன மாதம் ஒரு காலை பரசுராமனின் பழைய பிக்கப் வந்து நின்றது. இரும்பு ஆலைக்கு ஆள் அனுப்பும் ஒப்பந்தக்காரர் அவர். பின்னால், ஷிப்ட்டுக்குப் போகும் பெண்கள் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தார்கள். சரக்கு வண்டியில் மனிதரை ஏற்றக்கூடாது என்கிறது சட்டம். மனிதரையே சரக்காக எண்ணுகிறவரை அது என்ன செய்யும்? ஸ்டியரிங்கை ஒரு கை அகலம் திருப்பிய பிறகே டயர் அசைந்தது. வேறொரு பட்டறையில் ஸ்டியரிங் பெட்டியின் திருகை இறுக்கி அனுப்பியிருந்தார்கள். அதனால் வளைவில் ஸ்டியரிங் கனத்ததே தவிர, ஆட்டம் போகவில்லை. பரிகாரமாக முன்னால் எலுமிச்சம்பழம் தொங்கியது.

"எவனோ கண்ணு வெச்சிக்கீறான். இன்னொரு தபா டைட் வெச்சி வுடு, நேரமாவுது" என்றார் பரசுராமன்.

தானியேல் அடியில் போய் வந்தார். "கண்ணு பட்டா மூட்டு ரப்பர் கிழியுமா நைனா? சக்கரத்தத் திருப்புற டை ராடு எண்டு தேஞ்சி கீது. கழண்டுச்சின்னா சக்கரம் ஒரு பக்கம் போவும், வண்டி ஒரு பக்கம் போவும். கையைக் குடு."

பரசுராமனின் வெள்ளைச் சட்டை குனியவில்லை. "நீ மெக்கானிக்கா, வாத்தியாரா? பேஜாரு பண்ணாத. டைட் வெச்சிட்டுச் சாவியக் குடு."

தானியேல் வண்டியின் பின்பக்கம் திரும்பினார். "விக்டோரியாம்மா, எறங்கி வா. போறது நீங்கதான? நீ தொட்டுப் பாரு."

விக்டோரியா இறங்கினார். முந்தானையைச் செருகிக்கொண்டு முன்சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டார். ஓட்டுநர் அன்புசெல்வன் ஸ்டியரிங்கை ஆட்டினார். டொக். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டவர், மறுபடியும் விட்டுப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "எல்லாரும் எறங்குங்கடி" என்றார். ஒவ்வொருத்தியாக வந்து தொட்டுப் பார்த்தார்கள்.

"லேட்டானா கூலில புடிப்பேன்!" என்று கத்தினார் பரசுராமன்.

"புடிச்சிக்க சார். அதுக்கு மின்ன இத வந்து புடிச்சிப் பாரு" என்றார் விக்டோரியா. பெண்கள் சிரித்த சிரிப்பில் பரசுராமன் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். பெண்கள் பேருந்துக்கு நடந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அன்புசெல்வன் புது எண்டு வாங்கக் கடைக்கு ஓடினார், காசு பரசுராமனுடையது.

இரண்டு பக்கமும் புதிது மாட்டி, நட்டை முறுக்கி, ஸ்பிளிட் பின்னை விரித்து மடித்தார் தானியேல். இறுக்கிய திருகைப் பழையபடி தளர்த்தினார். சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று பார்த்தார். ஓட்டிப் பார்த்துவிட்டு வந்த அன்புசெல்வன், "வண்டி சொன்ன பேச்சு கேக்குதுப்பா" என்றார்.

மறுநாள் காலை எதிர்க்கடையில் நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பட்டறை முன் பிக்கப் நின்றது. ஏறுவதற்கு முன் விக்டோரியா முன்சக்கரத்தருகே குந்தி, அடியில் கையை விட்டார். "ஆட்டு அன்பு." ஆட்டினார். "இன்னொருவாட்டி." எழுந்து கிரீஸைத் துடைத்துக்கொண்டே, "இது செரியாகீது. அடுத்து சீட்டு வெச்ச வண்டி கேக்கணும்டி" என்றார் மற்றவர்களிடம்.

பட்டறை வாசலில் நின்றிருந்த தானியேலிடம் வண்டி சரியா என்று யாரும் கேட்கவில்லை. அவர் தம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.