சின்யோரா சொன்ன ஒரே பொய்

பலெர்மோவில் பெல்லெகிரினோ மலையேறி, குகைக் கோயிலில் இருக்கிற புனித அம்மாவைக் கும்பிடுகிற உங்களுக்கு இதைச் சொல்லாமல் விட்டால் என் நெஞ்சு ஆறாது. ஆனால் என் வெட்கத்தையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

தொண்ணூற்று நான்காம் ஆண்டு, ஆவணி மாதம். பலெர்மோச் சனம் பாதி மொண்டெல்லோக் கடலில் கிடந்தது. நான் லிபெர்த்தாத் தெருவில் ஓர் இத்தாலியச் சின்யோராவின் வீட்டிலேயே தங்கி அவரைப் பராமரித்தேன். எழுபது தாண்டிய மனிசி. முழங்கால்தான் ஏலாது, வாய் நன்றாக ஏலும்.

அந்த நேரம் பார்த்து என் சின்னம்மாவின் மகள் வதனி ஊரிலிருந்து வந்து இறங்கினாள். எட்டு மாத வயிறு. கணவன் இன்னும் வந்து சேரவில்லை. இங்கே தங்குவதற்கான பெர்மெஸ்ஸோவும் இல்லை. ஒரேத்தோத் தெருவில் எங்கள் தமிழ் ஆட்கள் ஓர் அறைக்குள் ஆறு பேர் படுத்தார்கள். அங்கே எப்படி அனுப்புவது?

"என்ரை தங்கச்சி. பிள்ளை பிறக்கும்வரை இஞ்சை இருக்கட்டும்" என்று சின்யோராவிடம் கெஞ்சினேன். இத்தாலியனில் சொரெல்லா என்றேன், கூடப் பிறந்தவள் என்று. வேறு எப்படிச் சொல்வது? சின்னம்மாவின் மகளும் எங்களுக்குத் தங்கச்சிதானே. பின்னறையைக் கொடுத்தார்.

நான்காம் நாள் அவருடைய மகன் வந்தார். என் பத்திரங்களை எழுதிக் கொடுத்தவர் அவர்தான். மேசையில் கிடந்த வதனியின் பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தார்.

"உன்ரை அப்பாவின்ரை பேர் வேறை, இவளின்ரை வேறை. எப்பிடித் தங்கச்சி?"

"எங்கட சின்னம்மாவின்ரை மகள்..."

"அப்ப குஜீனா! சொந்தக்காரப் பெட்டை. சொரெல்லா எண்டு பொய் சொல்லி உள்ளை விட்டிருக்கிறாய். திங்கக்கிழமை அவள் வெளியிலை. இல்லாட்டி ரெண்டு பேரும் வெளியிலை."

"ஓம், அவள் என்ரை சொந்தத் தங்கச்சி இல்லைத்தான். நான் அனுப்பிப்போடுறன். என்னை மட்டும் வைச்சிருங்கோ" என்றேன். சொன்னவள் நான்தான். சின்யோரா தன் கதிரையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டார்.

வதனிக்கு இத்தாலியன் தெரியாது. நானே போய்த் தமிழில் சொன்னேன். என்ன நாக்கோ எனக்கு!

"விளங்குது அக்கா. நான் எங்கையெண்டாலும் போறன். நீங்கள் அழாதேங்கோ" என்று அவள் என் முதுகைத் தடவினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வெறுங்காலோடு மலையேறினேன். என் வேலையைக் காப்பாற்று என்று கேட்கத்தான் போனேன். உங்களுக்கு ஒளிப்பானேன்? குகைக்குள் நின்றபோது அது வாயில் வரவே இல்லை. "அம்மா, அவளைக் கைவிடச் சொல்லாதேயுங்கோ. எனக்குப் பயமாயிருக்கு" என்று மட்டும் வந்தது. குலுங்கிக் குலுங்கி அழுதேன்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தால், வதனியின் பை வாசலில் இருந்தது. சின்யோரா என்னைக் கூப்பிட்டார்.

"உங்கட பாஷையிலை சின்னம்மாவின்ரை மகளுக்கு என்ன பேர்?"

"தங்கச்சி."

"தாயின்ரை மகளுக்கு?"

"அவளும் தங்கச்சிதான், சின்யோரா."

தலையில் கைவைத்துச் சிரித்தார். பிறகு என்னைப் பக்கத்தில் இருத்திச் சொன்னார்.

"உலக யுத்தத்துக்கை நான் வடக்கு இத்தாலியிலை இருந்தனான். இருபத்தொரு வயது. யூதர்களைத் தேடித்தேடிப் பிடிச்சுக்கொண்டு போன காலம். ஒரு யூதப் பொம்பிளை ஒளிக்க இடம் கேட்டு வந்தாள். நல்ல மனசாலை நான் வைச்சிருக்கேல்லை. உடுப்புத் தோய்க்க ஆள் வேணும், அதுதான். நாங்கள் திண்டு மிஞ்சினதை மாடிப்படியிலை வைச்சுக் குடுப்பன். ஒருநாள் ஆமிக்காரர் வந்து, இவள் ஆரெண்டு கேட்டாங்கள். குஜீனா எண்டு சொல்லிப்போட்டன். போயிட்டாங்கள். அண்டைக்கு மத்தியானம் சாப்பாட்டுக் கோப்பையைப் படியிலை வைக்கப் போறன், கை வைக்குதில்லை. சொந்தக்காரியைப் படியிலை இருத்தி ஆரும் சோறு போடுவினமோ? மேசைக்குக் கூப்பிட்டன். யுத்தம் முடியுமட்டும் என்ரை பக்கத்திலைதான் இருந்து சாப்பிட்டாள். அதுக்கு முதல் நான் எப்பிடிப்பட்டவள் எண்டதை நினைச்சால் இப்பவும் கூசுது."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் பொய் சொல்லிச் சொந்தம் எடுத்தனான். நீ உண்மையைச் சொல்லிப்போட்டுப் பயத்திலை மாத்திப்போட்டாய். போய் அந்தப் பையை உள்ளை வை."

மகனுக்கு அவரே டெலிபோன் எடுத்தார். அந்தப் பக்கம் பெரிய சத்தம். "இது என்ரை வீடு" என்று இவர் வைத்துவிட்டார்.

நான் ஓடிப்போய் வதனியைக் கட்டிப்பிடித்து மன்னிப்புக் கேட்டேன். "விசரே உங்களுக்கு?" என்று அவளும் அழுதாள்.

புரட்டாதியில் பெண்பிள்ளை பிறந்தது. பின்னர் கணவனும் வந்து சேர்ந்தான், பெர்மெஸ்ஸோவும் கிடைத்தது. சின்யோரா போன மாரியில் கண்ணை மூடினார். அந்தப் பிள்ளைதான் கடைசிவரை அவர் கட்டிலில் ஏறி விளையாடியது.

இப்போது ஒரேத்தோவில் எங்கள் சின்ன வீட்டில் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு பாய் எப்போதும் இருக்கிறது. வருகிறவர்கள் எங்களோடு மேசையில்தான் சாப்பிடுவார்கள். நான் மாறியது அம்மா செய்த வேலை. அவருக்குக் கோடி நன்றி.

என் சகோதரங்களே, உங்களுக்கும் ஒருநாள் இப்படி வரும். மலைக்குப் போய் அழுங்கள், அம்மா கேட்பார். தைரியம் வந்த பிறகு கதவைத் திறக்கலாம் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். பயத்தோடேயே திறவுங்கள். பயம் பிறகு போகும். எனக்குப் போய்விட்டது.