புது விரிப்பின் உயரம்

கிர்கிஸ் மலைமேய்ச்சலில் குதிரைப்பால் கறக்கும் புருல்சா நாலரை அடிதான். குதிரையில் ஏற அவளுக்கு எப்போதும் ஒரு கல் வேண்டும். அதே உடல்வாகு ஒன்பது வயது மகள் அக்கிலாய்க்கும் வந்திருந்தது. அதனால் தினமும் மாலையில் கறவை முடிந்ததும், சுனையில் குளிர வைத்திருந்த வளர்ச்சி ஹார்மோன் ஊசியை எடுத்து வருவாள்.

"அம்மா, கண்ணத் தொறந்துட்டுக் குத்து!" என்பாள் அக்கிலாய்.

மே மாதம் கூடாரத்தின் கதவு நிலையில் மகளின் உயரத்துக்குக் கரிக்கோடு போட்டாள். செப்டம்பரில் அளந்தால் ஐந்து சென்டிமீட்டர் கூடியிருந்தது. நகரத்து மருத்துவமனையிலோ மூன்றுதான் என்றார்கள்.

"உங்க அளவுகோல்தான் சுருங்கிப்போச்சு, டாக்டரம்மா!"

"நாலு மாசத்துல மூணே பெருசும்மா" என்று சிரித்தார் டாக்டர்.

கூடாரத்துக்குத் திரும்பிய பிறகுதான் புருல்சாவுக்கு உறைத்தது. கோடையில் அவளே அடித்துச் செய்து கதவடியில் விரித்திருந்த கம்பளி விரிப்பு, இரண்டு சென்டிமீட்டர் தடிமன். அதன்மேல் நிற்க வைத்துத்தான் மகளை அளந்திருக்கிறாள். வெட்கத்தோடு விரிப்பைச் சுருட்டப் போனாள்.

அக்கிலாய் அதன்மேல் ஏறி நின்றுகொண்டாள்.

"சுருட்டாதம்மா. இதுல நின்னா நீயும் வளந்திருக்க."