தராசை மரத்தில் கட்டிய கதை

காய்கறி காண்ட்ராக்டில் சரக்கு அழுகினால் ஒரு நாள் நஷ்டம். சரக்கை வாங்குகிற ஆளே அழுகல் என்றால் அதை எந்தக் குப்பையில் கொட்டுவது என்று யாரும் சொல்லித்தர மாட்டார்கள். பால், விறகு, முட்டை என்று எதையாவது தூக்கிக்கொண்டு அதிகார வாசலில் காத்துக் கிடந்தவர்களுக்கு நான் சொல்லப்போவது ஒன்றும் புதிதாக இருக்காது.

எழுபதுகளில் மலையாள எல்லையில், கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே பட்டாளத்துக்காரர்கள் ஒரு முகாம் போட்டிருந்தார்கள். அதற்குக் காய்கறி போட்டவள் நான். பள்ளிக்கூடம் எனக்குச் சீக்கிரமே முடிந்துவிட்டது. மீதியைச் சந்தையில் திட்டு வாங்கியும் திட்டியும் படித்தேன். என்னிடம் கூடை தூக்கிய பெண்களில் தேவானை என்று ஒருத்தி. வேலையில் கெட்டி, வாயில் அதைவிடக் கெட்டி. இது அவளுடைய சங்கதி.

இருட்டு அறை

முகாமில் ஒரு சட்டம். காண்ட்ராக்டர் கேட்டோடு நின்றுவிட வேண்டும். களவு போகாமல் இருக்க, கூடைக்காரிகள் ஒவ்வொருத்தியாகத்தான் ஸ்டோருக்குள் போக வேண்டும். தராசு தொங்கியது ஸ்டோரின் கடைசி அறையில், ஜன்னலே இல்லாத இடத்தில். நிறுப்பவர் ஸ்டோர் ஹவில்தார். எந்த ஊர்க்காரர் என்று சொல்ல மாட்டேன். அந்த மாதிரிக் கை எல்லா ஊரிலும் முளைக்கிறது.

ஒரு காலையில் தேவானை கூடை இல்லாமல் வெளியே வந்தாள். வளையல் உடைந்து மணிக்கட்டில் ரத்தம், ரவிக்கையின் தோள் கிழிந்து தொங்கியது. கதவைச் சாத்திவிட்டுச் சுவரோடு நெருக்கிப் பிடித்திருக்கிறான். கைக்கு அகப்பட்ட எடைக்கல்லை அவன் காலில் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறாள். கேட்டில் நின்ற சிப்பாயைத் தள்ளிக்கொண்டு நான் உள்ளே போனேன். நசுங்கின காலைத் தூக்கிப் பிடித்தபடி ஹவில்தார் சொன்னது:

“இருட்டு ரூம், கை பட்டிருக்கும். இதைச் சாக்கு வெச்சுக் கத்திரிக்காய் ரேட்டை ஏத்தலாம்னு பாக்காதே.”

மேஜர் வைத்தியம்

முகாமுக்குத் தலைவரான மேஜரிடம் போய் முறையிட்டோம். நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் உட்கார நாற்காலி கொடுப்பார்கள், டீ கொடுப்பார்கள், அதற்குமேல் ஒன்றும் கொடுக்க மாட்டார்கள். நாங்கள் சொன்னதையெல்லாம் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கடைசியில், “நாளையிலிருந்து பெண்களை அனுப்ப வேண்டாம், ஆண்களை அனுப்புங்கள். பிரச்சினையே வராது” என்றார். நோயாளியை வெளியேற்றி நோயைத் தீர்க்கிற வைத்தியம்!

அந்தக் கூலியில்தான் தேவானை வீட்டு அடுப்பு எரிந்தது. அதை அணைத்துக்கொள்ளவா நியாயம் கேட்டு வந்தோம்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்:

“ஏனுங்க சாமி, தப்புப் பண்ணுன கையை உள்ளார வெச்சுக்கிட்டு, கூடை தூக்குற கையைத் தொரத்துறீங்களே, இது எந்தூரு நாயமுங்க?”

வகுப்பு

நியாயம் உறைத்ததோ, டீ ஆறியதோ, மேஜர் வேறு யோசனைக்குப் போனார். இப்படி மறுபடி நடக்காமல் தடுக்க ஒரு வகுப்பு. ஆகட்டும், ஆம்பிளைகளை உட்காரவைத்து நாலு அறை அறைந்த மாதிரி சொல்வார்கள் என்று நானும் நம்பினேன். போய்ப் பார்த்தால் உச்சி வெயிலில் உட்கார்ந்திருப்பது என்னுடைய கூடைக்காரிகள்! முந்தானையை எப்படிச் செருக வேண்டும், சிப்பாய் எதிரில் வந்தால் எங்கே பார்க்க வேண்டும், எவ்வளவு சத்தத்தில் சிரிக்கலாம் என்று ஒரு மலையாளத்து சுபேதார் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். மைதானத்தின் அந்தக் கோடியில் ஆம்பிளைகள் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஹவில்தார், கால்கட்டோடு, ஓரமாக நின்று விசிலடித்து ஆட்டத்துக்கு நடுவராக இருந்தார்.

“வகுப்பு அவர்களுக்கு இல்லையா?” என்று கத்தினேன். சுபேதார் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்:

“அவங்களுக்கு இப்ப வாலிபால் உண்டு சேச்சி. க்ளாஸ்ல உட்கார வெச்சா ஆட்டம் முடங்கிப் போகும்.”

விசில்

அந்த ஆட்டத்தைப் பார்த்துத்தான் மேஜருக்கு அடுத்த யோசனை வந்திருக்க வேண்டும். கூடைக்காரி ஒவ்வொருத்திக்கும் ஒரு விசில். யாராவது தொட்டால் ஊத வேண்டும், காவல் சிப்பாய் ஓடி வருவார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. விசில் எங்கே என்று கேட்டேன். ஸ்டோரில் இருக்கிறதாம். சாவி? ஹவில்தாரிடம். முகாம் சாமான் எதுவும் அவர் கையால் கொடுத்தால்தான் வெளியே போகுமாம். காலையில் வாங்கி ஊதிவிட்டு, மத்தியானம் அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டுமாம்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். தேவானை நிதானமாகக் கேட்டாள்:

“ஏனக்கா, விசில் வாங்க அந்த ரூமுக்குள்ள போறப்ப ஊதறதுக்கு வேறொரு விசில் குடுப்பாங்களா?”

நட்சத்திரம்

தேவானைக்கு வளையல் குத்திய புண் சீழ் வைத்துவிட்டது. முகாம் ஆஸ்பத்திரி நர்ஸம்மா துடைத்துக் கட்டினார். சின்ன வயசு மலையாளத்துப் பெண், ஆபீசர் அந்தஸ்து. “உங்களுக்கென்னம்மா, எங்களைப் போலவா? உங்களிடம் எவனாவது வாலாட்ட முடியுமா?” என்றேன். முந்தின முகாமில் அவருக்கும் நடந்திருக்கிறது. மேலே புகார் சொல்லியிருக்கிறார். உடனே மாற்றல் போட்டார்கள், அவருக்கு. அப்படித்தான் இங்கே வந்து சேர்ந்தாராம். தேவானையை வெளியே அனுப்பப் பார்த்தது மேஜருக்குத் தோன்றிய புத்தி இல்லை, வழிவழியாக வருகிற புத்தி என்று அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. கட்டுத் துணியை முடிந்துகொண்டே நர்ஸம்மா சொன்னார்:

“தோள்ல ஸ்டார் உண்டல்லோ சேச்சி, அதனால முதல்ல சல்யூட் அடிக்கும், பின்னெதான் கையைப் பிடிக்கும்.”

பேரம்

எனக்குத் தெரிந்த ஒரே வித்தை பேரம். எதிராளிக்கு எப்போது அவசரமோ அப்போது அதைச் செய்ய வேண்டும். மேலிடத்திலிருந்து பெரிய அதிகாரி வருகிறார், விருந்து என்று முகாமே சுண்ணாம்பு பூசிக்கொண்டிருந்தது. அந்தக் காலையில் லாரியைக் கேட்டுக்கு நடுவில் நிறுத்தினேன். சந்தையில் மற்ற வியாபாரிகளிடமும் பேசி வைத்திருந்தேன். ஒரு கொத்து கறிவேப்பிலைகூட வேறு வழியில் உள்ளே போகாது.

மேஜர் ஓடி வந்தார். “என்ன ரேட் வேண்டும்?” என்றார். பாருங்கள், அவருக்கும் அதே நினைப்பு! “ரேட் பழைய ரேட்டுத்தான். தராசு கேட்டுக்கு வெளியே இந்த வேப்பமரத்தில் தொங்க வேண்டும், ஊரே பார்க்க நிறுக்க வேண்டும். தேவானை வருவாள். அந்த ஆள் இருக்கக் கூடாது” என்றேன். சட்டம் என்றார். வெண்டைக்காய் முற்றுகிறது என்றேன். களவு போகும் என்றார். அந்த இருட்டு அறையில் களவு போனதை நீங்கள் இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்றேன். பெரிய அதிகாரியின் ஜீப் வருகிற நேரம் நெருங்க நெருங்க அவர் குரல் இறங்கிற்று. ரெண்டு சிப்பாய்கள் தராசைத் தூக்கி வந்து மரத்தில் கட்டினார்கள். முதல் கூடையை தேவானைதான் வைத்தாள்.

அடுத்த வாரம் ஹவில்தாரைக் காணோம். தண்டனை என்ன என்று கேட்டேன். மேஜர் நிம்மதியாகச் சிரித்தார்:

“மலைமேலே மாட்டுப்பட்டிப் பக்கம் ஒரு சின்ன முகாமுக்கு அனுப்பியாச்சு. அங்கேயும் ஸ்டோர்தான். இனி இது நம்ம பிரச்சினை இல்லை.”

முட்டைக்கோஸ் லாரி

மேஜருக்குப் பிரச்சினை இல்லை. மலையில் கூடை தூக்குகிறவள் பெண் இல்லையா? எங்களுக்கு முட்டைக்கோஸும் கேரட்டும் அந்தப் பக்கத்திலிருந்துதான் லாரியில் இறங்கும். டிரைவரிடம் ஆள் அடையாளம் சொன்னேன்: நொண்டுகிற கால், முறுக்கின மீசை, இருட்டு அறை ஆசை. தேவானை குறுக்கே விழுந்து, “எடக்கல்லு விழுந்தது எடது கால்லன்னு சொல்லுங்கண்ணா, வலது கால் இன்னும் சும்மாத்தான் இருக்குதுன்னும் சொல்லுங்க” என்றாள்.

அடுத்த நடையில் டிரைவர் சிரித்துக்கொண்டே இறங்கினார். ஹவில்தார் அங்கே போய்ச் சேர்ந்த அன்று, முகாம் கேட்டுக்கு வெளியே ஒரு சில்வர் ஓக் மரத்தில் தராசு தொங்கிக்கொண்டிருந்ததாம். சுற்றிலும் எஸ்டேட் பெண்கள், கூடையோடு. தராசு ஏன் வெளியே இருக்கிறது என்று அதட்டியிருக்கிறார். அவர்களில் மூத்தவள் கும்பிட்டுச் சொன்னாளாம்:

“ஐயா வாரீகன்னு கீழேயிருந்து சேதி வந்துச்சு, அதான் முந்தியே கட்டிப்புட்டோம், வாங்க, இந்தப் பனியிலயே நின்னு நிறுங்க.”

அதற்கப்புறம் அந்த ஆளைப் பட்டாளத்தார் எங்கெங்கே மாற்றினார்கள் என்று அவர்களுக்கே ஞாபகம் இருக்குமோ என்னவோ, எந்த மலையில் எந்த மரத்தில் தராசு தொங்குகிறது என்று முட்டைக்கோஸ் லாரிக்காரரைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார்.